அஷ்டமியன்று பன்னை மறுத்த நாய்

என் தங்கை மகன் முருகேசன் எல்லைப் பணியில் கண்ணிவெடிக்கு வலக்காலைப் பறிகொடுத்தவன். மனைவி விடியலில் ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறினால் அந்தியில்தான் திரும்புவாள். அதுவரை அவன் தனியே வாசல் தாண்டுவதில்லை. அவனுக்குத் துணைநாய் ஒன்றைப் பெற்றுவரவே, சென்ற தேய்பிறை அஷ்டமியன்று இருவரும் தேவாரம் சென்றோம்.

கம்பத்திலிருந்து உத்தமபாளையம் வழியாக ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். தேனியிலிருந்து வருவோர்க்குப் போடி வழியே முப்பத்தைந்து இருக்கலாம். பேருந்து நிலையத்திலிருந்து, நாய்களைப் பழக்கும் தென்னந்தோப்புக்கு ஆட்டோ நூறு ரூபாய். ஓட்டுநர், "நாய் பழக்குற அக்கா தோப்புதான? அங்கன நாயிக நம்மளவிட ஒழுக்கமா இருக்கும்" என்றார்.

அந்த அக்கா கிரேஸ், போடி வணிகக் குடும்பத்தவர். மாற்றுத்திறனாளிப் படைவீரர்க்கென நாய்களைப் பழக்குகிறார். மணி என்னும் கருப்பு லாப்ரடாருடன் முருகேசன் சில மாதங்களாகவே பயின்றுவந்தான். விழுந்த கைத்தடியை எடுத்துத் தரவும், அவன் தள்ளாடினால் அணைந்து நிற்கவும் மணி தேர்ந்துவிட்டது. எஞ்சியது கடைத்தெருவில் ஒரு நடை. வழியில் எவரேனும் நாயைத் தொட்டாலோ உணவு நீட்டினாலோ முருகேசனே தடுக்கவேண்டும். தாம் வாய் திறக்க நேர்ந்தால் மணி தோப்பிலேயே தங்கிவிடும் என்றார் கிரேஸ். காலை இழந்தபின் அயலாரை நிமிர்ந்தும் பாராதவனுக்கு இது கடிய நிபந்தனை.

அன்று நாயை வாகனமாகக் கொண்ட பைரவர்க்குரிய நாள் என்பதை நாங்கள் மூவருமே எண்ணவில்லை. சிவன் கோயில் தெருவில் பூ விற்கும் மூதாட்டி ஒருவர், கருப்பு நாயைக் கண்டதும் கும்பிட்டுப் பன்னை நீட்டினார். மணி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் முகம் வெளிறிற்று.

"ஏஞ்சாமி மூஞ்சியத் திருப்புற? நான் என்னய்யா குத்தம் செஞ்சேன்?"

"பட்டாளத்து நாயி பன்னு திங்குமா ஆத்தா? பிரியாணி வாங்கியா" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

அம்மையார் வழியை மறித்துக்கொண்டு பன்னை மீண்டும் மணியின் வாயருகே கொண்டுசென்றார். முருகேசன் நிலைதடுமாறினான், தடி நழுவியது. நான் பேச வாயெடுக்க, கிரேஸ் கையமர்த்தினார். மணி பன்னை ஏறிட்டும் பாராமல் தடியைக் கவ்வி அவன் கையில் கொடுத்தது. அப்போதுதான் அவன் தலை நிமிர்ந்தது.

"குத்தமெல்லாம் இல்ல ஆத்தா. இவன் டூட்டியில இருக்கான். பன்னு மேல இவன் கண்ணு போச்சுன்னா நான் கீழ விழுந்துருவேன்."

அம்மையார் அவன் காலைப் பார்த்தார். "சாமி வேலையா இருக்காகன்னு தெரியாமப் போச்சுய்யா" என்று விலகி நின்றார்.

கிரேஸ், காவலுக்கெனத் தாம் பிடித்துவந்த இரண்டாம் வாரை மணியின் கழுத்திலிருந்து கழற்றினார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே."

எவ்வுயிரிலும் இறைவனைக் காண்பது நம் மரபு. அவ்வுயிர் ஏற்றிருக்கும் கடமையையும் உடன் காணவேண்டும் என்று எனக்கு அன்று பட்டது.

இத்தகைய நாய் வேண்டிச் செல்வோர் ஒரே நாளில் பெற்றுத் திரும்பலாம் என எண்ணவேண்டா. நாய் தேர்ந்தால் போதாது, வீரரும் தேரவேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். முதல்முறை தெருவில் நடக்குமுன் நாட்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். மற்றையோர்க்கு ஒன்று: வாரணிந்து வீரரோடு நடக்கும் நாயைக் கண்டால், உணவு நீட்டும் கைகளைக் குவித்து வணங்கி வழிவிடுங்கள். அந்தப் பூசையும் ஏற்கப்படும்.