சங்கிலிக் கூடையும் என் இந்தியும்

அபுதாபி பக்கம் ருவைஸ் பூங்காவில் வெள்ளிதோறும் என் மேனேஜருடன் பிளாஸ்டிக் தட்டு வீசுவேன். கம்பத்திலிருக்கும் சங்கிலிக் கூடையில் தட்டு விழ வேண்டும்; அவ்வளவுதான் ஆட்டம். அங்கே தண்ணீர் பாய்ச்சும் காளிமுத்து, குழாயைத் தமிழில் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அவனிடம் இந்தியில்தான் பேசுவேன். நானும் தமிழ்நாட்டு ஊர்க்காரன் என்று தெரிந்தால் என் கம்பெனியில் வேலை கேட்பானோ என்ற பயம்.

ஒருநாள் என் தட்டுகளையெல்லாம் கடற்காற்று இழுத்துப்போனது. "பாய், நீச்சே மாரோ," என்று காளிமுத்து தாழ்த்தி வீசச் சொன்னான். வீசினேன். சங்கிலி கலகலத்தது.

"விழுந்துருச்சுடா!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

அவன் சிரித்தான். "முதல் வாரமே நீங்க போன்ல தமிழ் பேசுனதக் கேட்டேன்ணே. உங்களுக்கு இஷ்டமில்லபோலன்னு விட்டுட்டேன்."

மேனேஜர் எதிரில் ஒருநாளும் அவன் தமிழில் பேசி என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. நான்தான் அவனைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

தட்டை அவன் ஈரக் கையில் வைத்து, "வீசு தம்பி," என்றேன். அது கூடையைத் தாண்டிப் போனது.

"பரவாயில்ல, அடுத்த வெள்ளியும் இருக்குல்ல," என்றேன்.