திருநீற்றுப் பொட்டலம்

அப்பாவை இயந்திரம்தான் மூச்சுவிட வைக்கிறது, எடுத்துவிடலாமா என்று டாக்டர் போனில் கேட்டபோது எனக்குத் தங்கையை நினைத்துத்தான் பயம். செலண்டாரில் கட்டிக்கொடுத்த பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள் அவள். ஜெபித்தால் எழுந்துவிடுவார் என்று அழுவாள். எந்தச் சாமியையும் நம்பாத நான்தான் அவளைத் தேற்ற வேண்டும். ஜாசினிலிருந்து மருத்துவமனைக்கு வரும் வழியெல்லாம் அதற்கான வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தேன்.

கட்டிலருகே அவள் பையைத் திறந்தாள். பைபிளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். வீட்டில் அப்பாவின் சாமி மேடையில் இருந்த பொட்டலம் அது.

“அண்ணே, நான் பூசக்கூடாது. நீங்க பூசிவிடுங்க. இது இல்லாம அப்பா எங்கயும் போனதில்ல. போதும்லா, வலிக்குது அவருக்கு. அனுப்பிடலாம்.”

டாக்டர் என்னைப் பார்த்தார்.

“இன்னும் ஒரு நாள் பார்ப்போமே, டாக்டர்,” என்றேன். என் குரல்தானா அது?

தாதி அப்பாவின் தொண்டைக்குள் குழாயை விட்டுச் சளியை உறிஞ்சினாள். அவர் உடம்பு தூக்கிப் போட்டது. பொட்டலம் என் கையில் பிரிக்காமலே இருந்தது.

தங்கைக்கு அவரை மறுபடி பார்க்க ஓர் இடம் இருந்தது. எனக்கு அந்தக் கட்டில் மட்டும்தான்.