தீர்ப்பு வராத பேய்ப்படம்

சினிமா கொட்டகை மேனேஜருக்குப் படம் ஓடினாலும் தூக்கம் கிடையாது, ஓடாவிட்டாலும் கிடையாது. பட்டவர்கள் ஆமாம் என்பீர்கள். ஆந்திரா பக்கத்துப் புத்தூரில் எங்கள் கொட்டகை ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அடுத்து வரும் படமும் ஒரு வாரம் ஓடாவிட்டால் கல்யாண மண்டபமாக்கிவிடுவேன் என்று ஓனர் சொல்லிவிட்டார். வந்ததோ பேய்ப்படம், அதிலும் பாதிக்குமேல் கோர்ட்டு.

ஆத்தா கேட்ட வரம்

புருஷனைக் கொன்றதாக ஒரு பெண் கூண்டில் நிற்கிறாள். கொன்றது அவளைப் பிடித்த பேய் என்கிறார் வக்கீல். உடுக்கை அடித்துப் பேயோட்டும் காட்சியில், கார்வேட்டிநகரத்திலிருந்து படம் பார்க்க வந்த செங்கம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. எங்கள் பக்கம் இது சகஜம், டிக்கெட் கவுண்டரிலேயே கற்பூரம் வைத்திருப்போம். படத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, என்ன வேண்டும் தாயே என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ண விட்டுடச் சொல்லு. சத்தியம் பண்ணு!"

பேனாவோடு நின்ற ஜட்ஜு

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். அப்புறம்தான் ஆபரேட்டர் காதைக் கடித்தார், கடைசியில் அவளுக்கு ஆயுள் தண்டனையாம். கொட்டகையே சாட்சியாகச் செய்த சத்தியத்தை மீற முடியுமா? ஜட்ஜு தீர்ப்பெழுதப் பேனாவை எடுத்ததும் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டேன். ஒரே கூச்சல். நிலத்தகராறுக்காகச் சித்தூர் கோர்ட்டுக்கு நடையாய் நடக்கும் முனிரத்தினம் எழுந்து துண்டை உதறினார்.

"அங்கதான் வாய்தா வாய்தான்னு சாவடிக்கிறாங்க, காசு குடுத்து வந்தா இங்கயும் வாய்தாவா?"

கூட்டம்

வேலை போச்சு என்று இருந்தேன். மறுநாள் மேட்னிக்கே கூட்டம்! இன்றைக்காவது தீர்ப்பு வருமா என்று முதல்நாள் வந்தவர்களே குடும்பத்தோடு வந்தார்கள். பேய்க்குத் தண்டனை கொடுக்க முடியுமா என்று டீக்கடையில் தமிழிலும் தெலுங்கிலும் சண்டை. ஒவ்வொரு ஆட்டமும் பேனாவோடு நின்றது. வாரம் தாண்டியதும் ஓனர் என் தோளில் கைபோட்டார்.

"தீர்ப்ப மட்டும் போட்டுடாத நைனா, கொட்டாய் போயிடும்!"

செங்கம்மா

கொட்டகையிலிருந்து படத்தைத் தூக்கும் நாளில் செங்கம்மா வந்தாள். சாமி வந்து சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சோ என்று சோறு இறங்கவில்லையாம். விட்டுவிட்டார்கள் அம்மா என்றேன். அவள் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

"நல்ல ஜட்ஜு சார். அவரு புள்ளகுட்டி நல்லா இருக்கணும்."

கொட்டகை பிற்பாடு மண்டபமாகியேவிட்டது. இப்போது நான் இருக்கும் திருப்பதி மல்டிபிளெக்ஸில் எல்லாப் படமும் ஒழுங்காக முடிவுவரை ஓடுகிறது, யாரையும் விட்டுவிடச் சொல்லி ஒரு சாமியும் என்னிடம் வருவதில்லை.