ஹரிசங்கரின் தபால் ஓட்டு

என் மனைவி புஷ்பவள்ளிக்கு ஒரு வேலையை ஒத்துக்கொண்டால் அரைகுறையாக விடத் தெரியாது. இருபத்தாறு வருடமாக எங்கள் ஊரான பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. வீட்டிலும் அதே கண்தான். நான் கழுவிய மங்குக் கிண்ணம் அவள் கையால் மறுபடி கழுவப்படாமல் அலமாரிக்குப் போனதே இல்லை.

2022 மலேசியப் பொதுத்தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் யாரோ அவளை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் மலேசியர்களின் தபால் ஓட்டு, தேர்தல் அன்று மாலை ஐந்து மணிக்குள் அவரவர் தொகுதியின் தேர்தல் அதிகாரி கைக்கு வந்துவிட வேண்டும். தாமதமானால் செல்லாது. தபாலை நம்பினால் கதை கந்தல். அதனால் ஊருக்கு விமானம் ஏறும் யாராவது ஒட்டிய உறைகளை வாங்கி வருவார்கள். இங்கே இருப்பவர்கள் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். யாருக்கும் யாரும் சொந்தமில்லை, சம்பளமும் இல்லை. வேலையற்ற வேலை என்று நான் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தேர்தல் அன்று நான் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து கோழித்தூக்கம் போட்டேன். அவள் அதற்குள் மூன்று உறைகளைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். தன் ஓட்டை இன்னும் போடவில்லை. மூன்று மணிக்குக் குழுவில் செய்தி வந்தது. மெல்பர்னிலிருந்து வரும் சுலைஹா என்ற மாணவியிடம் எங்கள் தொகுதிக்கு ஓர் உறை இருக்கிறது, விமானம் தாமதம், யார் போகிறீர்கள்? உறைக்கு உரியவர் பெயர் ஹரிசங்கர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பிளாட்டில் நாலாவது மாடியில் இருந்தவன். குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளோடு மூன்று வருடம் கட்சிச் சண்டை போட்டான். கடைசியில், "புஷ்பாக்கா கட்சிக்கு எடுபிடி" என்று எல்லாரும் பார்க்க எழுதிவிட்டுக் குழுவைவிட்டு வெளியேறினான். அன்று அவள் சோறு தின்னவில்லை. மெல்பர்ன் போயும் முகநூலில் அவள் எதிர்த்த அதே கட்சிக்குத்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"போறதுக்கு வேற ஆளே இல்லயா?" என்றேன்.

"ஒருத்தரும் பதில் போடல. மழ வர்ற மாரி இருக்கு. பின்னால உக்காந்து உறைய நனையாம புடிங்க."

மோட்டார் சைக்கிளை அவள்தான் ஓட்டினாள். விமான நிலையத்தில் சுலைஹா பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தபோது நாலு மணி பத்து நிமிடம்.

"சோரிக்கா, கேஎல் ஏர்போர்ட்ல ஒரு மணி நேரம் உக்கார வச்சிட்டாங்க."

உறையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கடல் பாலத்துக்குப் பிரியும் இடத்துக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. கார்கள் நகரவில்லை. புஷ்பா இடுக்குகளில் புகுந்து போனாள். மணி நாலரை. அப்போதுதான் எனக்குப் புத்தி கெட்டது.

"புஷ்பா, ஜாம்ல மாட்டிக்கிட்டோம்னு குரூப்புல போட்டுரலாம்லா. யாரு கேக்கப் போறா?"

"உறை நனையுதா பாருங்க."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு வெட்கமாகிவிட்டது. பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாலு ஐம்பத்திரண்டுக்குத் தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் உறையை வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து, சொட்டச் சொட்ட நனைந்தபடி, ஹரிசங்கர் எண்ணுக்குச் செய்தி அனுப்பினாள்: "உங்கள் பழைய பிளாட் புஷ்பவள்ளி. உங்கள் ஓட்டு சேர்ந்துவிட்டது."

ஒரு நிமிடத்தில் அவன் குரல்செய்தி வந்தது. "அக்கா... நீங்களா? அன்னிக்கி அப்படி எழுதுனதுக்கு மன்னிச்சிருங்கக்கா." பிறகு சேர்த்துக்கொண்டான். "ஆனா பொய் சொல்ல மாட்டேன். நான் அதே கட்சிக்குத்தான் போட்டிருக்கேன்."

புஷ்பா கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"தெரியும் தம்பி. வாக்குச்சாவடியில ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்கு எதிரா ஒண்ணு போடத்தான் இப்பப் போறேன்."

அனுப்பிவிட்டு மோட்டாரை முடுக்கினாள். "ஏறுங்க," என்றாள் என்னிடம்.