ஜிம்மி சாப்பிட்டுச்சா?

சென்ற மாதம் இரண்டு வாரம், நாள் தவறாமல், காலையில் ஒரு வீட்டுக் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஜிம்மி சாப்பிட்டுச்சா?”

ஜிம்மி எனக்குச் சொந்தமுமில்லை, பந்தமுமில்லை. என் காலைக் கடித்த நாய்!

பத்திரிகையில் என் பத்தி ஏன் வரவில்லை என்று கேட்ட வாசகர்களுக்கும் இதுதான் பதில். ஆசிரியர்கூட போனில் கேட்டார். “காலைத்தானே கடிச்சது... கை நல்லாத்தானே இருக்கு?” நியாயம்தான். கைக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் மேசைக்கு அடியில் கால் தானாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. அங்கே ஏதோ படுத்திருப்பதாக அதற்கு ஒரு நினைப்பு. அந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குண்டசாலையில் எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்க ஒரே ஒரு ஒழுங்கைதான். அதில் நடந்து போய் பஸ் பிடித்து, கண்டி டவுனில் ஒரு சின்ன மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குப் போவேன். சிங்களத்தில் வருவதைத் தமிழாக்குவது என் வேலை. ஒழுங்கையின் நடுவில் சிவபாலன் அண்ணனின் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற இன்ஜினியர், எல்லோரோடும் சிரித்துப் பேசுகிறவர். ஜிம்மி அவருடைய நாய்.

அன்றைக்குக் காரை வெளியே எடுக்க அவர் கேட்டைத் திறந்து வைத்திருந்தார். நான் அந்த வழியால் போனேன். ஜிம்மி குரைக்கவில்லை, உறுமவில்லை. பின்னால் வந்து கெண்டைக்காலில் ஒரே கவ்வு! நான் போட்ட சத்தத்தில் சுற்றியிருந்த வீடுகளின் ஜன்னல் எல்லாம் திறந்தன.

ஓடி வந்த சிவபாலன் அண்ணன் முதலில் என்ன சொன்னார் தெரியுமா?

“தங்கச்சி, நீங்கள் ஓடினியளோ? எங்கட ஜிம்மி ஒருத்தரையும் கடிக்கிறேல்லையே!”

இரத்தம் வடிந்து செருப்பு வழுக்குகிறது. பல் பதிந்த இடம் பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் ஜிம்மி கடிப்பதில்லையாம்...

அவரைக் குறை மட்டும் சொல்லக்கூடாது. தோட்டத்துப் பைப்பைத் திறந்து, உள்ளே ஓடிப்போய் சோப்பு எடுத்துவந்து, “கழுவுங்கோ, இன்னும் கழுவுங்கோ” என்று நிறைய நேரம் கழுவ வைத்தவரும் அவர்தான். யாரோ கோப்பித்தூள் வைக்கச் சொல்லி வாயெடுத்தபோது அதட்டி அனுப்பியவரும் அவரே. ஆனால் சோப்பு போடப் போட, அந்த “ஓடினியளோ” மட்டும் கழுவுப்படாமல் நின்றது.

என் வீட்டுக்காரர் ஒரு த்ரீவீல் ஆட்டோவோடு வந்து என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே நர்ஸ் மிஸ் என் காலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்.

“பல்லெக் காலாத?”

நாய் கடித்ததா என்று கேட்கிறார், அவ்வளவுதான். கண்டியில் இருக்கிற யாருக்கும் விளங்கும். ஆனால் சொல்லுக்குச் சொல் பார்த்தால் என்ன வருகிறது? “ஒரு நாய் தின்றுவிட்டதா?” சிங்களத்தில் சோறு தின்பதற்கும் ஆளைக் கடிப்பதற்கும் ஒரே வினைச்சொல். எத்தனையோ பொலிஸ் முறைப்பாடுகளில் அதைக் கூசாமல் “கடித்தது” என்று தமிழாக்கியவள் நான். அன்றைக்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு ஓடவில்லை. தின்றுவிட்டது என்றுதான் காதில் விழுந்தது.

“முழுக்க இல்ல மிஸ்... கொஞ்சம் மிச்சம் இருக்கு” என்றேன், சிங்களத்திலேயே.

அவர் சிரிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது மிகவும் தேவையாக இருந்தது.

காயத்தைச் சுத்தம் செய்து, விசர்நாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்கிவிட்டு, டொக்டர் ஒரு வேலை கொடுத்தார். “கடிச்ச நாய் எங்க இருக்குன்னு தெரியும்தானே? ரெண்டு வாரம் அதைக் கவனிங்க. ஒழுங்கா சாப்பிடுதா, தண்ணி குடிக்குதா, சோர்ந்து கிடக்குதான்னு பாருங்க. மாத்தம் தெரிஞ்சா உடனே எங்களுக்குச் சொல்லுங்க.”

கொடுமையைப் பாருங்கள். கடித்தது அது. அதன் ஆயுள் கெட்டியாக இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட வேண்டியது நான்!

அப்படித்தான் அந்தக் காலை விசாரிப்பு ஆரம்பித்தது. போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். சிவபாலன் அண்ணன் “ஜிம்மிக்கு ஒண்டுமில்லை” என்று சொன்னார். ஜிம்மி கடிக்காது என்றும் அவர்தானே சொன்னார்? என் உயிர் விஷயத்தில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நொண்டிக்கொண்டே போனேன். எதிர்ப்பக்கத்து மதிலில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பேன். மூடிய கேட்டின் கம்பிகளுக்குள்ளால் ஜிம்மி சோறும் கருவாடும் சாப்பிடுவது தெரியும். கொழுத்த சாப்பாடு. எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

கால் ஆறிக்கொண்டு வந்தது. மனசு ஆறவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பை காலில் பட்டதற்கு அலறினேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அழுகைக்குப் பாதிக் காரணம் வலி. மீதி, விசாரிக்க வந்தவர்கள்! “குடையை ஆட்டினீங்களா?” “மீன் ஏதும் கொண்டு போனீங்களா?” “நாயோட கண்ணைப் பார்த்திருப்பீங்க, அதான்.” ஒருவர் என் சேலையின் நிறத்தைக்கூடக் கேட்டார். கவனித்திருக்கிறீர்களா? நம் ஊரில் யாராவது கடிபட்டால், கடித்தவருக்கு உடனே நன்னடத்தைப் பத்திரம் கிடைத்துவிடும். கடிபட்டவரைத்தான் கூண்டில் ஏற்றுவார்கள். நாய்க்கு மட்டுமா இந்தச் சலுகை என்று கேட்காதீர்கள்... எனக்குப் பதில் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், வழக்கம்போல மதிலில் ஒட்டிக்கொண்டு கேட்டேன்.

“ஜிம்மி சாப்பிட்டுச்சா?”

“இல்லைத் தங்கச்சி... இண்டைக்குத் தட்டைத் தொடவேயில்லை.”

விசர் பிடித்தவருக்குத் தண்ணீர் இறங்காது என்பார்களே! தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று பார்க்க எச்சிலை விழுங்கினேன். மதிலை விட்டு, ஒழுங்கையைக் கடந்து, கேட்டுக் கம்பியையே பிடித்துவிட்டேன். எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஜிம்மி கார் நிழலில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு படுத்திருந்தது. சிவபாலன் அண்ணனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. “பக்கத்து வீட்டில நேற்றுப் பிக்குமாருக்குத் தானம் குடுத்தவை. மிச்சச் சோறெல்லாம் இவர்தான் முடிச்சவர்.”

அப்பாடா! அஜீரணம்!

என் குரலைக் கேட்டு ஜிம்மி எழுந்து வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை நிமிர்ந்து பார்த்து... வாலை ஆட்டியது.

மன்னிப்புக் கேட்கிறது என்று நினைக்கிறீர்களா? அதெல்லாம் இல்லை. அதற்கு ஞாபகமே இல்லை! நான் தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், பஸ்ஸில் மானம் போய்க் கிடக்கிறேன். இது தானச் சோறு தின்றுவிட்டு வாலாட்டுகிறது. எனக்குக் கோபம் வந்தது பாருங்கள்... கடிபட்ட நாளிலிருந்து அன்றைக்குத்தான் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. அந்தக் கோபத்தை நான் ஆறவிடவில்லை.

அடுத்த ஊசிக்குப் போனபோது அதே நர்ஸ் மிஸ் கேட்டார். “பல்லா கேம கனவாத?” நாய் சாப்பாடு சாப்பிடுகிறதா? அதே வினைச்சொல்! இந்தத் தடவை நானும் சிரித்தேன். நன்றாகத் தின்கிறது மிஸ், இப்போதைக்குச் சோறு மட்டும்தான் என்றேன்.

இரண்டு வாரம் முடிந்தது. ஜிம்மிக்கு ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் நிம்மதியாகச் சொன்னார். “இனி அந்தக் கேட்டுப் பக்கம் நீ போகத் தேவல்ல. த்ரீவீல் சொல்லியிருக்கேன். வாசலுக்கே வந்து பஸ் ஸ்டாண்ட்ல இறக்கிரும்.”

“எத்தனை நாளைக்கு?”

“இனி அப்பிடியே போக வேண்டியதுதானே?”

பாசத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த “அப்பிடியே” எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்கு ஏறினால் பிறகு இந்த ஒழுங்கையில் நான் நடக்கவே மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“ஒழுங்கையை ஜிம்மி பேர்ல எழுதிக் குடுத்தாச்சா?” என்று கேட்டேன். வாசலில் வந்து நின்ற த்ரீவீல்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தேன்.

கேட் பாதி திறந்திருந்தது. ஜிம்மி வாசலில் நின்றது. பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பயத்தோடுதான் நின்றேன்.

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி,” என்றார் சிவபாலன் அண்ணன். “அது கடிக்காது.”

“அண்ணன், அந்த வார்த்தையை மட்டும் இனிச் சொல்லாதீங்க. கடிச்சிருச்சி! நான் ஓடல்ல, குடையை ஆட்டல்ல, அதைச் சீண்டல்ல. ரோட்ல சும்மா நடந்து போனேன், கடிச்சிருச்சி. நீங்க கேட்டைத் தொறந்து வச்சிருந்தீங்க, அதுதான் நடந்தது. நாளைக்கும் நான் இதால தான் போவேன். கேட்டைப் பூட்டுங்க.”

என் குரல் உடைந்துதான் வந்தது. பரவாயில்லை, வந்ததே போதும்.

அவருடைய முகம் சுருங்கிவிட்டது. ஜிம்மியின் கழுத்துப்பட்டியைப் பிடித்து உள்ளே இழுத்துக் கேட்டைச் சாத்திச் சங்கிலி போட்டார். நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்!

பிறகு சில நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் நடந்தேன்.

போன சனிக்கிழமை மரக்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஒருவர் சிவபாலன் அண்ணன் வீட்டுக் கேட்டில் தயங்கி நின்று கேட்டார். “ஐயா, நாய் கடிக்குமா?”

சிவபாலன் அண்ணன் என்னைப் பார்த்தார். நானும் நடையை நிறுத்திவிட்டேன்.

“ஓம், கடிக்கும்,” என்றார். “இந்தத் தங்கச்சியைக் கடிச்சது. அவ ஓடவுமில்லை, ஒண்டுஞ் செய்யவுமில்லை. கொஞ்சம் நில்லுங்கோ, கட்டிப்போட்டிட்டு வாறன்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், எந்த டொக்டரும் கேட்கச் சொல்லாமலே கேட்டேன்.

“ஜிம்மி சாப்பிட்டுச்சா அண்ணன்?”

“ஓம் தங்கச்சி, சாப்பிட்டுது.”

நல்லது. அந்த நர்ஸ் மிஸ்ஸை யாராவது கண்டால் சொல்லிவிடுங்கள்... நாய் தின்ற மிச்சம் நடந்துதான் போகிறது!