இரண்டு ஏடும் நாவமரத்துப் புஞ்சையும்

தேவையில்லாமல் ரயில் ஏறாதீர்கள் என்று ஸ்டேஷன்தோறும் எழுதி ஒட்டியிருந்த யுத்த காலம் அது. பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை, விடிகாலை ஐந்து மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் மதுரைக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கினேன். என் பயணம் தேவையானதா என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பேன்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தருகிறவன். புதிர்ப் பாடல்களைப் பற்றி ஒரு மாதப் பத்திரிகையில் சிறு கட்டுரை எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, கொட்டாம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சோலைமலை என்ற விவசாயி கடிதம் போட்டிருந்தார். தாத்தா எழுதி வைத்த பாட்டு ஒன்று பனை ஏட்டில் இருக்கிறது. புதையல் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. வந்து அர்த்தம் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் அவர் தம்பி அழகரிடமிருந்தும் கடிதம் வந்தது. அவசியம் வரவும், ஆனால் அண்ணன் சொல்வதை நம்ப வேண்டாம் என்று கண்டிருந்தது.

பத்தரை மணிக்கு மதுரை. ஸ்டேஷனில் பட்டாளத்துக்காரர்கள் மூட்டை முடிச்சுகளோடு நின்றார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருமே வந்திருந்தார்கள். ஒருவர் என் வலக்கையைப் பிடித்தார், மற்றவர் என் பையைப் பிடித்தார். சோலைமலை நெட்டையானவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அழகர் நாலைந்து வயது இளையவர், குள்ளம், வெற்றிலை போட்ட வாய். இருவரும் என்னிடம் பேசினார்களே தவிர ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பாகப்பிரிவினை ஆகி ஆறு வருஷமாம்.

கொட்டாம்பட்டி முப்பத்திரண்டு மைல். பஸ் கட்டணம் பதினான்கு அணா. பெட்ரோல் கிடைக்காததால் பின்பக்கம் கரி அடுப்பு பொருத்திய பஸ். கரி பிடித்து இன்ஜின் உறும அரை மணி நேரம் ஆயிற்று. வைகைப் பாலத்தைத் தாண்டும்போது கீழே மணல்தான் தெரிந்தது. தல்லாகுளம், ஒத்தக்கடை, ஆனைமலை என்று ஊர்ந்தோம். எனக்கு அந்தப் பக்கம் ஒரு சகோதரர், இந்தப் பக்கம் ஒரு சகோதரர். நான் ஜன்னல் பக்கம் திரும்பினால் அழகர் திரும்பினார், அவர் அசைந்தால் சோலைமலை அசைந்தார். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, கைதியை மேலூர் கோர்ட்டுக்கா கொண்டுபோறீக என்று விசாரித்தார். யாரும் சிரிக்கவில்லை.

மேலூரில் கரி போட பஸ் நின்றது. அழகர் வெற்றிலை வாங்கப் போன நேரத்தில் சோலைமலை என்னைப் புளியமரத்துக்கு அப்பால் கூட்டிப்போனார்.

"வாத்தியாரய்யா, அர்த்தம் தெரிஞ்சதும் மொதல்ல எங்கிட்டச் சொல்லிப்புடுங்க. அவனுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

பஸ் புறப்பட்ட பிறகு சோலைமலை கண் அயர்ந்தார். அழகர் என் காதருகே குனிந்து, ஏறக்குறைய அதே வார்த்தைகளைச் சொன்னார். சோலைமலையின் இமை லேசாகத் துடித்ததைப் பார்த்தேன். அவர் தூங்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் கொட்டாம்பட்டி. அங்கிருந்து மூன்று மைல் நடை. செம்மண், கருவேலம், நடுநடுவே யானை படுத்ததுபோல் பாறைகள். இரண்டு வருஷமாக மழை சரியில்லை, கிணறுகளில் அடித்தண்ணீர்தான். நடக்கும்போது முழுக் கதையும் வந்தது. பாகம் பிரித்தபோது பாட்டு இருந்த இரண்டு ஏடுகளையும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். அவர் ஏட்டை இவர் பார்த்ததில்லை, இவர் ஏட்டை அவர் பார்த்ததில்லை. இருவருக்கும் பொதுவில் மிஞ்சியது நாவமரத்துப் புஞ்சை. அதை மேலூர் மில்காரர் ஒருவருக்கு விற்பதாகப் பேச்சு முடிந்து, திங்கட்கிழமை பத்திரம். அதற்குள் மண்ணில் இருப்பதை எடுத்துவிட வேண்டும்.

யார் வீட்டிலும் நான் தங்கக்கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஊர்ச் சாவடியில் பாய் போட்டார்கள். சாப்பாடு கொண்டுவந்தவர் அவர்களுடைய அக்கா நாச்சம்மாள். புருஷன் இறந்து பிறந்த ஊருக்கே வந்து, ஒரு மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் இருப்பவர். பாகப்பிரிவினையில் அவருக்கு நிலமும் இல்லை, ஏடும் இல்லை. கம்பஞ்சோற்றையும் துவையலையும் வைத்துவிட்டு, இரண்டு தம்பிகளும் தனித்தனியே வந்து, மற்றவன் ஏதாவது கலந்து அனுப்பிவிடுவான், நீ பொங்கிப் போடு என்று சொன்னதாகத் தெரிவித்தார். எனக்கு முதல் கவளம் இறங்கச் சற்று நேரமாயிற்று.

பொழுது சாய்வதற்குள் சோலைமலை தம் ஏட்டைக் கொண்டுவந்தார். கையில் தரவில்லை, தாமே பிடித்துக்கொண்டு காட்டினார். பண்டிதர் பாட்டு அல்ல. எழுத்து மட்டும் உறுதியான எழுத்து.

காவல்கல் நின்று வடக்கே கணக்காய் நூறு தப்படி
நாவல் நிழலடி தோண்டி நாங்கள் புதைத்த பொன்னுண்டு

இதில் புதிர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். எங்கே என்பது தம் ஏட்டில் இருக்கிறது, எப்படி எடுப்பது என்பது தம்பி ஏட்டில் இருக்கிறது, அவன் அதைக் காட்டமாட்டான் என்றார். அழகரிடம் கேட்டேன். பொன்னைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஏட்டை அவிழ்ப்பேன் என்றார். அதில் ஆவிகளைப் பற்றி எழுதியிருக்கிறது என்பதை மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை விடிந்ததும் குளிப்பதற்காகத் தனியே கிணற்றுக்குப் போனேன். வழியில் புஞ்சையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. அங்கே நாவல்மரம் இல்லை. எப்போதோ பட்டுப்போய் வெட்டிவிட்டார்களாம். பெயர் மட்டும் நின்றது. ஐந்து நிமிஷம்கூட நின்றிருக்க மாட்டேன். திரும்பும்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலைப்பாகை மறைவதைப் பார்த்தேன்.

ஏழு மணிக்கு அளக்கத் தொடங்கினோம். எல்லையில் நிற்கும் காவல்கல்லிலிருந்து சோலைமலை நூறு தப்படி வைத்தார். அழகரும் நூறு தப்படி வைத்தார். நெட்டைக்காலுக்கும் குட்டைக்காலுக்கும் நடுவே ஏழெட்டு முழம் வித்தியாசம் வந்தது. அண்ணன் வேண்டுமென்றே காலை அகட்டினார் என்றார் தம்பி. கல்லையே எவனோ நகர்த்தியிருக்கிறான் என்றார் அண்ணன். கடைசியில் என்னை நடக்கச் சொன்னார்கள். என் தப்படி இரண்டுக்கும் நடுவே விழுந்தது. கூலிக்கு ஆள் வைக்கவில்லை. ஆளை நம்ப முடியாது. ஒருவர் கடப்பாரை பிடிக்க, மற்றவர் மண்ணை வாரினார். அழகர் கொண்டுவந்த ஆட்டுக்குட்டி வேலியோரம் கட்டிக் கிடந்தது. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. நாச்சம்மாள் தண்ணீர்க் குடத்தோடு தள்ளி உட்கார்ந்திருந்தார்.

பதினொரு மணி இருக்கும். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை பலகைக்கல்லில் மோதியது. கல்லின் மேலே மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு செத்த வேர் குறுக்கே ஓடியது. சோலைமலை அதை ஒரே வெட்டில் அறுத்தார். இரண்டு பேருமாகக் கல்லைப் புரட்டினார்கள். அந்த ஒரு நொடியில் அவர்கள் தோளும் தோளும் உரசியதைக் கவனித்தேன்.

செங்கல் வைத்துக் கட்டிய சிறு குழி. அடியில் பானை உட்கார்ந்திருந்த வட்டத் தடம். பானை இல்லை. மக்கிய துணி கொஞ்சம், அவ்வளவுதான்.

அழகர் குழிக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் தடவினார். பிறகு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் முதல் முறையாக நேரே பேசினார்.

"எப்பண்ணே எடுத்த?"

சோலைமலை கடப்பாரையை ஓங்கிக்கொண்டே வந்துவிட்டார். நாச்சம்மாள் இருவருக்கும் நடுவே குடத்தோடு வந்து நின்றார். தண்ணீர் அவர் சேலையெல்லாம் கொட்டியது. தன் மேல் குற்றமில்லை என்று காட்டத்தானோ என்னவோ, அழகர் மடியிலிருந்து ஏட்டை உருவி என் முன்னால் எறிந்தார். இடமே எழுதாத ஏட்டை வைத்துக்கொண்டு தான் எப்படி எடுத்திருக்க முடியும், படித்துச் சொல்லுங்கள் என்றார்.

ஆவிகள் ஏழும் காத்தோம் அடுத்து வருபவர் கேட்பின்
பாவி எனச்சொல்ல வேண்டாம் பசித்தவர் சாட்சி கண்டீர்

ஏழு பேய்கள் காவல் நிற்கின்றன, அவற்றுக்குப் பசிக்கிறது என்று அவர் அர்த்தம் பண்ணியிருந்தார். ஆட்டுக்குட்டி அதற்குத்தான்.

நான் இரண்டு ஏட்டையும் சேர்த்து ஒருமுறை மனசுக்குள் படித்தேன். பிறகு வாய்விட்டுப் படித்தேன். முதல் ஏட்டை மட்டும் பார்த்தால் பொன் உண்டு, அதாவது இருக்கிறது. இரண்டாவது ஏட்டோடு சேர்த்துப் பார்த்தால் வாக்கியம் அங்கே முடியவே இல்லை. பொன்னை உண்டு, ஏழு ஆவியை, அதாவது ஏழு உயிரைக் காத்தோம். விற்றுச் சாப்பிட்டுவிட்டார்கள். தோண்டு என்று சொல்லவில்லை. தோண்டி எடுத்ததைச் சொல்கிறது. அறுபட்ட வேரைக் காட்டினேன். கல்லை மூடிய பிறகு அந்த வேர் இவ்வளவு பருக்க எத்தனை வருஷம் ஆகியிருக்கும், இந்த ஆறு வருஷத்தில் யாரும் இதைத் திறந்திருக்க முடியாது என்றேன்.

நாச்சம்மாள்தான் விரலை மடக்கத் தொடங்கினார். தாத்தா, அப்பத்தா, தாத்தாவின் ஆத்தா, சின்னத் தாத்தா, இரண்டு அத்தைமார்.

"தாது வருசப் பஞ்சத்துல இம்புட்டுப் பேரும் பொழச்சது எப்பிடின்னு ஊரே கேட்டுச்சாம்" என்றார். ஏழாவது விரலை மடக்காமல் வைத்துக்கொண்டு, "எங்கய்யா அப்பக் கைப்பிள்ளை" என்று தகப்பனாரைச் சொன்னார்.

அவர்கள் மனம் இளகும் என்று எதிர்பார்த்தேன். சோலைமலை வேர்வையைத் துடைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். காலையில் நான் புஞ்சையில் தனியாக நின்றதைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். அந்தத் தலைப்பாகை அவருடையதுதான். அழகரும் அவரோடு சேர்ந்துகொண்டார். சாவடிக்கு வந்து என் பையைக் கவிழ்த்தார்கள். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, சோப்புத் துண்டு, பாதி படித்த புத்தகம். புத்தகத்தை விரித்து உதறினார்கள். ஒரு பானைப் பொன்னைப் புத்தகத்துக்குள் வைக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை. பாயில் உட்கார்ந்து, என் துணிகளை நானே மடித்துப் பைக்குள் வைத்தேன். இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அப்போது கண் கலங்கியது உண்மை.

"பத்திரம் வேணாம். புஞ்சையை விக்கிறதா இல்ல" என்றார் சோலைமலை. பொன் இன்னும் அந்த மண்ணில்தான் இருக்கிறது, மில்காரரை ஏவி மற்றவன் தோண்டிவிடுவான் என்ற பயம். தமக்கும் அதே எண்ணம்தான் என்றார் அழகர். என் பையைக் கவிழ்த்ததைத் தவிர, நான் பார்த்த மட்டில் அவர்கள் மனமொத்துச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டேன். வழியனுப்ப அவர்கள் வரவில்லை. நாச்சம்மாள் கொட்டாம்பட்டி ரோடு வரைக்கும், அந்த வெயிலில் மூன்று மைலும் கூடவே வந்தார். ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று கேட்டார்.

"வாத்தியாரய்யா, நெசமாவே அதுதான் அர்த்தமா? இல்ல, எந்தம்பிக ரெண்டு பேரும் வெட்டிக்கிறாம இருக்கச் சொன்னீகளா?"

உண்டு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் இருக்கிறது, ஆனால் அந்தக் குழிக்கு ஒரு அர்த்தம்தான் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப பொன்னுல அவுகளுக்கும் பங்கு இல்ல, எனக்கும் இல்ல. இப்பத்தான் மூணு பேரும் சமமானோம்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்க்கையில் செம்மண் தூசியில் அவர் வந்த வழியே நடந்துகொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் தாமிரபரணி ஓடுகிறது, மண் கறுப்பு, பாறை கிடையாது. மனிதர்களும் வேறு மாதிரி என்று ஞாயிற்றுக்கிழமை வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். புதையல் எடுக்கப் போன வாத்தியார் என்று தெரு முழுக்கப் பெயர் பரவியிருந்தது. அந்த வாரம் என் மனைவி தன் பழைய கம்மலைப் பத்தரிடம் கொடுத்து மெருகு போட்டு வாங்கினாள். படித்துறையில் நாலு பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்து, எப்போது வாங்கியது என்று கேட்டார்களாம். கல்யாணத்துக்குப் போட்டது என்று சொன்னாளாம். சரிதான் என்று சொல்லி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

அன்றைக்குக் கழற்றியவள்தான். பிறகு அவள் அதைப் போட்டு நான் பார்க்கவில்லை.