துண்டு போட்ட சிலை

டிராயிங் சார், வேன் டிரைவர், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேர், பள்ளிக்கூட ஆயாவாக நான். தாராசுரம் கோயிலுக்குப் போனவர்கள் இவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் கை துடைக்க என் தோளில் ஒரு ஈரிழைத் துண்டு கிடந்தது.

திருவாரூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடங்கள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் வெளிநாட்டில். என் வீட்டுக்காரரும் மஸ்கட் போனவர்தான்; கடிதம் நின்று ஒரு வருஷம். எனக்கு இரண்டு பெண்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே தாளாளர் சொல்லிவிட்டார்: "ஒரு புகார் வந்துச்சுன்னா, மறுநாள் வராதம்மா." அவர் அறைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொள்வேன்.

மண்டபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, கல் யானையை வரையச் சொன்னார் சார். பக்கத்துத் தூணில் ஒரு பெண் சிலை. இடுப்புக்கு மேல் துணி இல்லை. ஏதாவது ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால்? துண்டை எடுத்துச் சிலைக்குப் போர்த்தி, முனையைத் தோளிடுக்கில் செருகினேன்.

பத்தொன்பது தலையும் திரும்பியது.

"அவங்களுக்குக் குளிருதா, ஆயாம்மா?" என்றாள் ஒருத்தி.

சார் சிரித்துவிட்டார். "நல்லா காட்டிக்குடுத்தீங்க போங்க! இவ்வளவு நேரம் ஒருத்தரும் பாக்கல. சாமி கும்பிட வர்றவங்க பிள்ளைங்க கண்ணைக் கட்டியா கூட்டிட்டு வர்றாங்க? எடுங்க ஆயாம்மா."

எடுத்தேன். அதற்குள் அந்தச் சிறுமி வரைந்துவிட்டாள். சிலையை, துண்டோடு.

மறுநாள் அவள் அம்மா நோட்டும் கையுமாக வந்தார். "துண்டு போட்டு மறைக்கிற அளவுக்கு எதைக் காட்டுனாரு இந்த வாத்தியாரு?" துண்டு இல்லாமல் வரைந்திருந்தால் கோயில் சிலை என்று விட்டிருப்பாரோ என்னவோ.

தாளாளர் முன்னால் சார் நின்றார். நான் கதவோரம்.

"துண்டு போட்டது யாரு?" என்று கேட்டார் தாளாளர்.

சார் என் பக்கம் திரும்பவே இல்லை. "பாக்கத்தான் சார் கூட்டிட்டுப் போனேன். பிள்ளைங்க பாத்தா தப்பில்ல" என்றார். அவ்வளவுதான். நான் தோளில் கிடந்த துண்டை உருவி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். சாயங்காலமே அவரை நிறுத்திவிட்டார்கள். துபாயில் போர்டு எழுதுகிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பார்க்கலாமா, கூடாதா என்று பேச எனக்குப் படிப்பில்லை. அந்தப் பிள்ளைகள் சிலையைப் பார்த்துப் பயப்படவில்லை. பயந்தவள் நான் ஒருத்திதான்.

போன மாதம் மகளின் பிள்ளைகளோடு அதே கோயிலுக்குப் போனேன். தோளில் துண்டு. கை தானாக அதற்குப் போனது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் யானையைச் சுற்றி ஓடினார்கள். நான் தூண் தூணாக நின்று எண்ணினேன். அன்று மூடியது ஒன்று. மேல்துணி இல்லாமல் என் கண்ணில் பட்டவை நாற்பத்தேழு.